ஆர்டர் நிறைய, கையில் காசில்லை: வீட்டிலிருந்து தொழில் செய்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். சம்பள வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பும் அட்டை வடிவமைப்பும் செய்கிறீர்கள். ஆர்டருக்குக் குறைவில்லை, காலையிலிருந்து இரவு வரை கணினி முன்னால்தான் இருக்கிறீர்கள். ஒரு வருடத்தில் வந்த மொத்தப் பணம் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இன்னும் வாடிக்கையாளர்களைப் பிடிப்பதா, வீட்டில் கவனம் சிதறுகிறது என்பதால் வெளியே ஓர் அறை வாடகைக்கு எடுப்பதா என்று கேட்கிறீர்கள். என் பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது, இந்தத் தொழில் உங்களுக்குச் சோறு போடுகிறதா, இல்லை நீங்களும் வீடும் சேர்ந்து தொழிலுக்குச் சோறு போடுகிறீர்களா என்பதைத்தான்.

சிறு தொழில் செய்பவர்களுக்குப் பல வருடங்களாகக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதில் கணிசமானவர்கள் வீட்டையே கடையாகவும் பட்டறையாகவும் அலுவலகமாகவும் வைத்திருப்பவர்கள். அவர்கள் கணக்கைத் திறந்தால் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஒரே விஷயம் தெரியும்: வீடு செலவை மறைத்துவிடுகிறது. கடை வாடகை இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்த அறைக்கு யாரோ வாடகையோ வீட்டுக் கடனோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மின்சாரம், இணையம், போன் எல்லாம் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகின்றன. ஐந்தாறு வருடத்தில் மாற்றியாக வேண்டிய கணினியின் தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிதாக மறைவது மனித உழைப்பு. உங்கள் உழைப்பு மட்டுமில்லை. நீங்கள் வேலையில் இருக்கும்போது போன் எடுத்து “அப்புறம் கூப்பிடச் சொல்றேன்” என்கிறவர், பார்சல் கட்டுகிறவர், பில் போட்டுக் கொடுக்கிறவர் என்று வீட்டில் இன்னொருவர் கூலி இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். இதையெல்லாம் கணக்கில் ஏற்றாமல் “லாபம்” என்று எழுதினால், அந்த லாபத்தில் பாதி உங்கள் வீட்டார் கொடுத்த நன்கொடை.

இதற்கு மருந்து பழையது. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சான தன் நூலில், அங்கே வணிகர்கள் கடைப்பிடித்து வந்த இரட்டைப் பதிவு முறையை, அதாவது ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் முறையை, விளக்கி எழுதினார். அந்த முறையில் தொழில் வேறு, முதலாளி வேறு. முதலாளி போட்ட முதலீட்டைக்கூட, தொழில் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கியைப் போலத்தான் எழுதுவார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவருக்கு இந்தப் பிரிவு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை, ஏனென்றால் அவருக்குச் சுவர்கூடப் பிரித்துக் காட்டாது. நீங்கள் இரட்டைப் பதிவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தொழிலுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வையுங்கள். வருகிற பணம் முழுவதும் முதலில் அதற்குள் போகட்டும். மாதம் ஒரு தேதியில் அதிலிருந்து உங்களுக்கு ஒரு சம்பளத்தை வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். வாடகையிலும் மின்சாரத்திலும் தொழிலின் பங்கு என்று ஒரு தொகையையும் அதோடு மாற்றுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தால் தொழில் கணக்கில் பணம் மிஞ்சுகிறதா, பற்றாமல் போகிறதா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் சொல்வதில் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். எந்தத் தொழிலுக்கும், எந்த ஊருக்கும் பொருந்தும்.

அடுத்தது கட்டணம். பழைய சம்பளத்தை விட அதிகமாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். சம்பளத்தையும் தொழிலில் வரும் மொத்தப் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒரு கணக்குப் போடுவோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், உங்கள் பழைய சம்பளம் மாதம் 100, வருடத்துக்கு 1200. வருடத்தில் 365 நாள், அதில் சனி ஞாயிறு 104 போனால் 261. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 2088 மணி நேரத்துக்குச் சம்பளம் வாங்கினீர்கள். விடுமுறையில் வீட்டில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் அதற்கும் சேர்த்துத்தான் பணம் வந்தது. அப்படியானால் மணிக்குச் சுமார் 0.57.

இப்போது சொந்தத் தொழில். அதே 261 நாளில் பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், வீட்டு விசேஷம், கொஞ்சம் ஓய்வு என்று 31 நாளைக் கழித்தால் 230. அந்த நாட்களிலும் எட்டு மணி நேரத்துக்கும் பில் போட முடியாது. கொட்டேஷன் அனுப்புவது, போனில் பேசுவது, பாக்கியை நினைவூட்டுவது, கணினியில் ஏதோ நின்றுபோய்ச் சரிசெய்வது, புதிதாகக் கற்றுக்கொள்வது, இதற்கெல்லாம் யாரும் காசு தருவதில்லை. பில் போடக்கூடிய நேரம் நாளுக்கு 5 மணி என்று வைத்தால் வருடத்துக்கு 1150 மணி நேரம். கையில் பழைய 1200 நிற்க வேண்டும். தொழில் செலவுக்கு 200, முன்பு கம்பெனி பார்த்துக்கொண்ட காப்பீட்டுக்கும் ஓய்வுக்கால சேமிப்புக்கும் 200 என்று சேர்த்தால் 1600 வசூலாக வேண்டும். 1600ஐ 1150ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 1.39. பழைய மணிக்கூலியைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இது பேராசை இல்லை, பழைய இடத்திலேயே நிற்பதற்கு ஆகிற விலை. நீங்கள் பழைய மணிக்கூலியோடு கொஞ்சம் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தால், குறையை ஈடுகட்ட இரவு பதினொரு மணி வரை உழைக்க வேண்டித்தான் வரும். இன்னும் வாடிக்கையாளர் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான். குறைந்த விலைக்கு இன்னும் பத்து ஆர்டர் வந்தால் சோர்வுதான் பத்து மடங்காகும்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது என் அனுமானம் என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வகுக்கிற முறை உறுதியானது. செலவுக்கு 200, சேமிப்புக்கு 200 என்பவை உதாரணத்துக்கு எடுத்தவை. உங்களுடைய நிஜ எண்களைப் போட வேண்டும். 5 மணி என்பது நான் பார்த்த கணக்குகளை வைத்து நான் எடுத்துக்கொள்ளும் எண். வரைவது, எழுதுவது, தைப்பது போன்ற கைவேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. ஒரே நிறுவனத்துக்கு மாதக்கணக்கில் தொடர்ந்து வேலை செய்கிறவருக்கு ஆறுக்கு மேல்கூடப் போகும். சின்னச் சின்ன ஆர்டராக நிறையப் பேருக்குச் செய்கிறவருக்கு நான்கைத் தொடுவதே கஷ்டம். நீங்கள் இரண்டாவது வகை என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன், தவறாகவும் இருக்கலாம்.

ஊகம் வேண்டாம் என்றால் எழுதிப் பாருங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில், எப்போது எந்த வேலையைத் தொடங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று மட்டும். இதற்குச் செயலி எல்லாம் இருக்கிறது, ஆனால் மேசைமேல் திறந்தே கிடக்கும் நோட்டுதான் பெரும்பாலானவர்களிடம் நிலைக்கிறது. உங்களைப் போல அட்டை வடிவமைக்கும் ஒருவர் எழுதி வந்த நோட்டில் ஒரு வேலை இப்படி இருந்தது: முதல் வரைவு 6 மணி நேரம். “எழுத்து கொஞ்சம் பெரிசா” 40 நிமிடம். “அந்த நீலம் வேண்டாம், பழையபடியே வைங்க” 1 மணி நேரம். “முதுகுப் பக்கத்துக்கு இப்போதான் விஷயம் வந்தது” 2 மணி நேரம். அச்சகம் கேட்ட அளவுக்கு மாற்றியது 1 மணி 20 நிமிடம். போன் பேச்சு எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பில் அனுப்பிப் பணம் வாங்கும் வரை நினைவூட்டியது அரை மணி நேரம். மொத்தம் 13 மணி நேரம். அவர் விலை சொன்னது 6 மணி நேரத்துக்கு. ஆர்டர் எடுக்கும்போது வரைவதை மட்டுமே வேலையாக நினைத்திருக்கிறார், மிச்சம் ஏழு மணி நேரம் அவர் மனக்கணக்கில் வரவே இல்லை.

அவர் ஒருவர் மட்டும் அப்படி இல்லை. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் பழக்கத்தை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்றதற்கு 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5. அதாவது பயந்து சொன்ன எண்ணையும் தாண்டிப் போனது. முப்பதுக்குக் கொஞ்சம் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வு அது, ஆகவே அந்த விகிதத்தை அப்படியே தூக்கி உங்கள் கொட்டேஷனில் போட வேண்டாம். ஆனால் “இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும்” என்று யோசிப்பதைவிட, “போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது” என்று நோட்டைப் பார்த்துச் சொல்வது நல்லது என்ற பாடத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டு கையில் வந்ததும் கொட்டேஷன் எழுதும் விதம் தானாக மாறும். விலைக்குள் இரண்டு முறை திருத்தம், மூன்றாவதிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். முழு விஷயமும் கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும் என்றும் எழுதுங்கள். அந்த முதுகுப் பக்கத்து இரண்டு மணி நேரம் அந்த ஒரு வரி இல்லாததால் போனது. திருத்தத்துக்குக் காசு கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அந்த வரி இருந்தாலே திருத்தங்கள் ஒன்றாகத் திரட்டி வரும், தனித்தனியாக வராது. காசு கேட்க வேண்டிய நிலையே பெரும்பாலும் வருவதில்லை.

சரி, விலையை ஏற்றினால் ஆள் ஓடிவிடுவார்களே? சிலர் ஓடுவார்கள். எத்தனை பேர் ஓடினால் நஷ்டம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வேலையில் மூலப்பொருள் செலவு அனேகமாக இல்லை, உழைப்புதான். விலையை 25 சதவீதம் ஏற்றி, ஐந்தில் ஒரு பங்கு வேலை கைவிட்டுப் போனாலும் வரும்படி அப்படியே இருக்கும்: 1.25 பெருக்கல் 0.8 சரியாக 1. வேலை நேரம் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அதைவிட அதிகம் பேர் போனால்தான் வரும்படி குறையத் தொடங்கும். பொருள் வாங்கி விற்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சந்தை எவ்வளவு விலை தாங்கும் என்பதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. அது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும் விஷயம் இல்லை, புதிதாக வருகிறவர்களிடம் புது விலை சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் புதியவர்களுக்கு ஏற்றுங்கள். யாருமே முகம் சுளிக்காமல் சரி என்கிறார்கள் என்றால் இன்னும் இடம் இருக்கிறது. பழையவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே, ஒரு தேதி குறிப்பிட்டு எழுத்தில் சொல்லுங்கள். காரணங்களை நீட்ட வேண்டாம். நீட்டினால் ஒவ்வொரு காரணத்துக்கும் பேரம் வரும்.

இன்னொன்றும் இருக்கலாம்: விலை சரியாகவே இருந்து, பணம் வருகிற நேரம் மட்டும் தப்பாக இருப்பது. மாதத் தொடக்கத்தில் ஒரு புத்தகத்தை எடுக்கிறீர்கள், ஆறு வாரத்தில் முடிக்கிறீர்கள், முடித்த பிறகு பில் போடுகிறீர்கள், அவர்கள் ஒரு மாதம் கழித்துத் தருகிறார்கள். முதல் நாள் உழைப்புக்குக் கூலி வர இரண்டரை மாதம். அதுவரை நீங்கள் வாடிக்கையாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். இப்படி இருக்கும்போது ஆர்டர் கூடக் கூடக் கையிருப்பு இன்னும் இறுகும், ஏனென்றால் வெளியே நிற்கும் கடனும் கூடுகிறது. லாபத்தில் ஓடும் தொழில்கள்கூட மூச்சுமுட்டுவது இங்கேதான். தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு முன்பணம், முதல் வரைவு ஒப்புதலானதும் ஒரு பங்கு, இறுதிக் கோப்பு தருவதற்கு முன் மிச்சம் என்று பிரித்தால் பெருமளவு தீரும். கோப்பைக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்பதற்கும், கோப்பு தயார் என்று சொல்லிப் பணம் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் முன்பணத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது நிஜம்தான். அவர்களிடம் குறைந்தபட்சம் மாதாமாதம் முடிந்த பகுதிக்குப் பில் போடும் ஏற்பாட்டையாவது கேளுங்கள். வருகிற ஒவ்வொரு தொகையிலும் வரிக்கென்று ஒரு பங்கை அன்றைக்கே வேறு கணக்குக்கு நகர்த்திவிடுங்கள். எத்தனை சதவீதம் என்பது உங்கள் நாட்டு வரியைப் பொறுத்தது. அங்கேயுள்ள ஒரு தணிக்கையாளரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது. வீட்டுச் செலவில் எந்தப் பங்கைத் தொழில் செலவாகக் காட்டலாம் என்ற விதியும் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் அவரிடமே கேளுங்கள். கூடவே உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தொழிலுக்குப் பயன்படும் கருவிகளுக்கு இழப்பீடு இல்லை என்றோ, ஒரு வரம்பு வரைதான் என்றோ பல பத்திரங்களில் எழுதியிருக்கும்.

வெளியே அறை எடுப்பதைப் பற்றி. வீட்டில் வேலை ஓடுமா ஓடாதா என்ற பேச்சில் எல்லோரும் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. சீனாவின் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் தொலைபேசி ஊழியர்களை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்து, பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூமும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்டது. வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. அதைக் காட்டி “வீடுதான் சிறந்தது” என்பார்கள். ஆனால் அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். அழைப்பு தானாக வரும், எடுத்தது எத்தனை என்று இயந்திரம் எண்ணும். வாரத்தில் ஒரு நாள் அலுவலகம் போனார்கள். சேர வேண்டுமானால் வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. சோதனை முடிந்து எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றதும் பாதிக்கும் மேற்பட்டோர் இடம் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே உங்களைப் போன்ற தனியாளுக்கு இந்த ஆய்வு வீட்டுக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்பது என் கருத்து. அந்தத் தனி அறை நிபந்தனை மட்டும் கவனிக்க வேண்டியது. உங்களுக்குக் கதவு சாத்தக்கூடிய அறை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், எந்த நேரத்தில் கதவு சாத்தியிருக்கும் என்று வீட்டாரிடம் பேசி முடிவு செய்வதற்குச் செலவே இல்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் கவனம் சிதறுவதில் அதிசயமே இல்லை. அப்போது வெளியே அறை என்பதை யோசிக்கலாம், ஆனால் புது விலையில் மூன்று மாதம் ஓடிய பிறகு. அந்த வாடகையையும் மேலே போட்ட 1600இல் சேர்த்து மறுபடி வகுத்துப் பாருங்கள். மணிக்கூலி எவ்வளவு ஏறுகிறது, அந்த ஏற்றத்தை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதலாகப் பில் போடும் நேரம் அந்த அறையில் கிடைக்குமா என்று நோட்டை வைத்தே பார்த்துவிடலாம். நாளுக்குக் கால் மணி நேரம்தான் கூடுகிறது என்றால் வீட்டிலேயே இருங்கள். ஒரு மணி நேரம் கூடுகிறது என்றால் வாடகை தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.